அமெரிக்கரும் அவர்களது பேராசிரியர்களும்

2025-ம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் வாஷிங்டன் அரசாங்கத்துக்கும் நடந்த இழுபறியைப் பத்திரிகைகளில் படித்துவிட்டு, அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். உலகத்துப் பிள்ளைகளெல்லாம் எந்த தேசத்தில் போய்ப் படிக்க ஆசைப்படுகிறார்களோ, அந்த தேசத்துக்காரர்களே தங்கள் பல்கலைக்கழகங்களை ஏன் இப்படிக் கரித்துக் கொட்டுகிறார்கள்?

நியாயமான கேள்வி. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். சீனாவை முந்திக்கொண்டு அந்த வருஷம் நாம் முதலிடத்துக்கு வந்தோம். நம் சங்கத்து அங்கத்தினர் வீடுகளில் ஒரு பிள்ளையோ பெண்ணோ பேரனோ அங்கே படிக்காத வீட்டை எண்ணிவிடலாம். ஆகவே இதை யாரோ எங்கோ போட்டுக்கொள்ளும் சண்டை என்று நம்மால் தள்ளிவிட முடியாது. நாம் ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் என்ற பெயர்களைக் கோயில் பெயர்போலச் சொல்கிறோம். அந்த ஊர் ஜனங்களில் பாதிப் பேர் அப்படிச் சொல்வதில்லை; என்றைக்குமே சொன்னதில்லை. கல்லூரியில் பல வருஷம் சரித்திரம் கற்பித்தவன் என்ற உரிமையில் இந்தப் பழைய பிணக்கைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

மாஸசூஸெட்ஸ் குடியேற்றத்தில் ஹார்வர்ட் ஆரம்பமானது 1636-ல். காட்டை வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள், தங்களுக்குப் படித்த பாதிரியார்கள் வேண்டும் என்று முதல் காரியமாக ஒரு கல்லூரி வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் ஹார்வர்டின் போக்கு சரியில்லை, சமய ஒழுக்கம் தளர்ந்துவிட்டது என்று ஒரு சாராருக்கு மனக்குறை வந்தது. அவர்கள் பக்கத்துக் கனெக்டிகட்டில் 1701-ல் இன்னொரு கல்லூரி ஆரம்பித்தார்கள். அதுதான் யேல். இந்தப் பெயருக்கும் நம் சென்னைப் பட்டணத்துக்கும் சம்பந்தம் உண்டு. எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். சொந்த வியாபாரத்தில் ஏராளமாகச் சேர்த்தவர். அது சம்பந்தமான புகார்களில்தான் பதவியும் போயிற்று. அவர் 1718-ல் அந்தக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்றும், விற்றுப் பணமாக்கிக்கொள்ளும்படி ஒன்பது கட்டு சரக்கும் அனுப்பினார். சரக்கு 560 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. இவ்வளவு மலிவாக ஒரு மனிதர் பெயர் நிலைத்ததில்லை.

யேலின் மேலும் சந்தேகம் வர நெடுநாள் ஆகவில்லை. 1740-ஐ ஒட்டி அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு பெரிய பக்தி அலை எழுந்தது. ஜார்ஜ் வைட்ஃபீல்ட் என்ற பிரசங்கி ஊர் ஊராகப் போய்த் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோருக்குப் பேசினார். ஹார்வர்டையும் யேலையும் பார்த்துவிட்டு, அங்கிருந்த வெளிச்சம் இருட்டாகிவிட்டது என்று எழுதினார். கில்பர்ட் டென்னன்ட் என்ற இன்னொரு பாதிரியார், உள்ளே மாற்றம் ஏற்படாத படித்த பாதிரிகளால் ஆத்மாவுக்கு ஆபத்து என்றே பிரசங்கம் செய்து அச்சிட்டார். லத்தீனும் கிரேக்கமும் தெரிந்ததனால் ஒருவன் ஆண்டவனை அறிந்தவன் ஆகிவிடுவானா என்பது கேள்வி. நம்முடைய பக்தி மரபைக் கொஞ்சமாவது அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது.

யேலில் டேவிட் பிரெய்னர்ட் என்று ஒரு மாணவன். 1741-42 குளிர்காலத்தில், தன் ஆசிரியர் ஒருவரைப் பற்றி, இந்த நாற்காலிக்கு உள்ள அருள்கூட அவருக்குக் கிடையாது என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டான். எப்படியோ அது மேலே போயிற்று. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க மறுத்ததால் கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டார்கள். பின்னால் அவன் பூர்வகுடி மக்களிடையே ஊழியம் செய்து பேர்பெற்று, 29 வயதில் காலமானான். அவனுக்குப் பட்டம் தரச் சொல்லிப் பெரியவர்கள் பலர் கேட்டும் யேல் மசியவில்லை. அப்படிக் கேட்டு ஏமாந்தவர்களில் சிலர் 1746-ல் நியூ ஜெர்ஸியில் தாங்களே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பிரின்ஸ்டன்.

அமெரிக்காவின் விசேஷமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கல்லூரியின் மேல் நம்பிக்கை போனால் அவர்கள் படிப்பை விட்டுவிடுவதில்லை. இன்னொரு கல்லூரி கட்டுகிறார்கள். படிப்பின் மேல் ஆசையும் படித்தவன் மேல் சந்தேகமும் அங்கே ஒரே வீட்டில் குடித்தனம் செய்கின்றன. (வைட்ஃபீல்டுக்கு எதிராக ஹார்வர்ட் ஆசிரியர்கள் 1744-ல் அறிக்கையே வெளியிட்டார்கள். ஆனால் 1764-ல் ஹார்வர்ட் நூல்நிலையம் எரிந்துபோனபோது, புத்தகம் சேர்த்துக் கொடுத்து உதவியவர்களில் அவரும் ஒருவர்.)

அரசியல்வாதிகள் இந்தச் சந்தேகத்தின் ருசியைக் கண்டது 1828 தேர்தலில். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜான் குவின்ஸி ஆடம்ஸ். ஜனாதிபதியின் பிள்ளை, பல பாஷைகள் கற்றவர், ஹார்வர்டில் சொல்லணிப் பேராசிரியராக இருந்தவர். 1825-ல் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் உரையிலேயே தேசத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், வான ஆராய்ச்சி நிலையங்கள் வேண்டும் என்று கேட்டார். அந்த நிலையங்களை ஆகாயத்துக் கலங்கரை விளக்கங்கள் என்று கொஞ்சம் கவிதையாகவும் வர்ணித்துவிட்டார். எதிரிகள் அதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் சிரித்தார்கள். அவரை எதிர்த்து நின்ற ஆண்ட்ரூ ஜாக்ஸன் யுத்த வீரர். ஆடம்ஸுக்கு எழுத வரும், ஜாக்ஸனுக்குச் சண்டை போட வரும் என்பது அந்தத் தேர்தலின் பிரசார வாசகம். சண்டை போடத் தெரிந்தவர் சுலபமாக ஜெயித்தார். ஜாக்ஸன் வக்கீலாகவும் ஜட்ஜாகவும் இருந்தவர் என்பதை அவருடைய கட்சிக்காரர்கள் அவ்வளவாகப் பேசவில்லை. படிக்காதவர் என்ற பெயர் ஓட்டுக்கு அனுகூலமாக இருந்தது.

அதன் பின் நடந்தது இன்னும் ஸ்வாரஸ்யம். 1833-ல் ஜனாதிபதி ஜாக்ஸன் பாஸ்டன் பக்கம் வந்தார். சம்பிரதாயப்படி ஹார்வர்ட் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. ஆடம்ஸுக்கும் அழைப்புப் போயிற்று. தம் பெயரையே எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியாத ஒரு காட்டுமிராண்டிக்குப் பட்டம் கொடுத்து என் கல்லூரி தன்னைக் கேவலப்படுத்திக்கொள்வதைப் பார்க்க வரமாட்டேன் என்று டயரியில் எழுதிவைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். விழாவில் எல்லாரும் லத்தீனில் பேச, ஜாக்ஸன் தமக்குத் தெரிந்த நாலு லத்தீன் வார்த்தைகளை உரக்கச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார் என்று ஒரு கட்டுக்கதை பின்னால் ஊரெல்லாம் பரவியது. ஜனங்கள் அந்தக் கதையை ரசித்ததிலும் ஆடம்ஸின் டயரியிலும் ஒரே நோயின் இரு பக்கங்களைப் பார்க்கலாம். படிக்காதவனுக்குப் படித்தவன் மேல் இருந்த கேலிக்குக் குறையாமல் படித்தவனுக்குப் படிக்காதவன் மேல் இளக்காரம் இருந்தது. அமெரிக்கச் சரித்திரக்காரர்கள் முதலாவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். 1963-ல் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் அமெரிக்க வாழ்வில் அறிவுஜீவி எதிர்ப்பு என்பதையே தலைப்பாக வைத்து எழுதிய நூலுக்குப் புலிட்ஸர் பரிசும் கிடைத்தது. இரண்டாவதைப் பற்றி இன்னும் எழுதியிருக்கலாம். அவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள்தானே.

இந்த இளக்காரத்தைத் தாண்டி ஒரு காரியம் நடந்தது 1862-ல். வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜஸ்டின் மாரில் என்ற காங்கிரஸ் அங்கத்தினர் கருமான் ஒருவரின் மகன், கல்லூரிக்குப் போகாதவர். விவசாயமும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட்டர், பிரதிநிதி ஒவ்வொருவர் கணக்கிலும் 30,000 ஏக்கர் வீதம் அரசாங்க நிலம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். புக்கானன் 1859-ல் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். உள்நாட்டு யுத்தத்தின் நடுவே லிங்கன் கையெழுத்திட்டார். அந்த நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேரும் பர்டூ, இல்லினாய், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் எல்லாம் இந்தச் சட்டத்தின் பயனாக வந்தவை. பாதிரியார்களுக்காக இருந்த கல்லூரி, குடியானவனின் பிள்ளைக்கும் ஆனது.

குடியானவன் பணத்தில் கல்லூரி நடந்தால், கல்லூரி யார் பேச்சைக் கேட்க வேண்டும்? அடுத்த நூறு வருஷத்துச் சண்டைகளெல்லாம் இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான். கான்ஸாஸில் 1896 தேர்தலில் ஜனரஞ்சகக் கட்சி ஜெயித்தது. மறு வருஷமே அந்த மாநில விவசாயக் கல்லூரியின் ஆசிரியர்கள் அனைவரின் ஒப்பந்தங்களையும் முடித்துவிட்டு, வேண்டியவர்களை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 1899-ல் குடியரசுக் கட்சி வந்து, முன்னவர்கள் வைத்தவர்களை வெளியேற்றியது. தனியார் பல்கலைக்கழகத்தில் கட்சியின் இடத்தில் தர்மகர்த்தா. ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ராஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியரின் பேச்சு, நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்கவில்லை. 1900-ல் ராஸை ராஜிநாமா செய்ய வைத்தார். அந்தப் பேச்சுகளில் ஆசியத் தொழிலாளர்களை உள்ளே விடக் கூடாது என்ற பேச்சும் ஒன்று. நமக்கு அது உவப்பாக இராது. ஆனாலும் ஆர்தர் லவ்ஜாய் போன்றவர்கள் அதற்காகத் தங்கள் வேலையையும் விட்டார்கள். அதே லவ்ஜாய் ஜான் டூயியோடு சேர்ந்து 1915-ல் பேராசிரியர்களுக்கென்று தேசிய சங்கம் அமைத்தார். எஜமானுக்குப் பிடிக்காததைச் சொன்னதற்காக ஆசிரியனை வெளியே தள்ளக் கூடாது என்ற விதி மெள்ள மெள்ள வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான்.

1925-ல் டென்னஸி மாநிலத்து டேட்டன் என்ற சிற்றூரில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் மேல் நடந்த வழக்கு எல்லாருக்கும் தெரிந்தது. அபராதம் 100 டாலர். அதை ஜூரி அல்லாமல் நீதிபதி விதித்தார் என்ற சட்ட நுணுக்கத்தில் 1927-ல் தீர்ப்பு ரத்தாயிற்று. அரசு தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று தோற்றவர்; ஏழைகளின் தோழர். பத்திரிகைகள் அவரைக் கோமாளியாக்கிவிட்டன. அவருடைய வாதம், வரி கொடுத்துச் சம்பளம் தருகிறவனுக்கு என்ன கற்பிக்கிறார்கள் என்று கேட்க உரிமை உண்டு என்பது. கல்லூரிக்குப் போன பிள்ளைகள் வேத நம்பிக்கையை இழந்து திரும்புகிறார்கள் என்ற தகப்பன்மார்களின் வயிற்றெரிச்சலும் அதில் இருந்தது. வழக்கு முடிந்து ஐந்தாம் நாள் பிரையன் காலமானார். ஐந்து வருஷம் கழித்து அவர் பெயரில் அதே டேட்டனில் எழும்பியதும் ஒரு கல்லூரிதான்!

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம், ஊர் திரும்பும் சிப்பாய்களுக்குக் கல்லூரிச் செலவை அரசே தரும் என்று 1944-ல் சட்டம் வந்தது. யார் எதிர்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸும் ஹார்வர்ட் தலைவர் கானன்ட்டும் முகம் சுளித்தார்கள். தகுதியில்லாத கும்பல் உள்ளே வந்துவிடும் என்று பயம். 22 லட்சம் சிப்பாய்கள் கல்லூரிக்குப் போனார்கள், நன்றாகவும் படித்தார்கள். கானன்ட்டே பின்னால் அவர்களை மெச்சினார். அந்த முகச்சுளிப்பை ஜனங்கள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. படிப்பு தங்கள் சொத்து என்று ஒரு சாரார் நடந்துகொண்டால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு நான் நம் ஊர் உதாரணம் தேடப்போவதில்லை. வாசகர்களுக்கே தெரியும்.

அடுத்தது பயத்தின் காலம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1949-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக நிர்வாகக் குழு, ஆசிரியர்கள் தாங்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல என்று பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. மறுத்தவர்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை. எங்களை மட்டும் தனியே நிறுத்திச் சத்தியம் கேட்பது அவமானம், இன்று இதற்குப் பணிந்தால் நாளை வேறொன்றுக்கும் பணிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. முன்னே நின்றவர் மனோதத்துவப் பேராசிரியர் எட்வர்ட் டோல்மன், 64 வயது. எர்ன்ஸ்ட் கான்டரோவிக்ஸ் என்ற சரித்திரப் பேராசிரியர் ஹிட்லரின் ஜெர்மனியில் இதே மாதிரிப் பிரமாணங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவர். 1950 ஆகஸ்டில் 31 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1952-ல் மாநில உச்ச நீதிமன்றம் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஆனால் என்ன காரணத்தால்? மாநில ஊழியர் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பிரமாணச் சட்டம் அதற்குள் வந்துவிட்டதாம். ஆகவே பல்கலைக்கழகம் தனியாக ஒன்று கேட்கக் கூடாதாம்! கான்டரோவிக்ஸ் அதற்குள் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார். அந்த 31 பேரில் ஒருவரான டேவிட் ஸாக்ஸன் என்ற இளம் பௌதிக ஆசிரியர், 1975-ல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார்.

எல்லாருக்கும் அப்படி நல்ல காலம் வரவில்லை. கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் ராக்கெட் ஆராய்ச்சியில் முன்னணியில் இருந்த சியான் ஷூவேஸென் சீனாவிலிருந்து படிக்க வந்து அங்கேயே பேராசிரியரானவர். 1950-ல் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து அவருடைய அனுமதியைப் பறித்தார்கள். இரண்டு வாரம் காவலில் வைத்தார்கள். ஐந்து வருஷம் கண்காணிப்பில் இருந்தார். 1955-ல் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனாவின் ஏவுகணைகளுக்கும் விண்வெளித் திட்டத்துக்கும் தந்தை என்று இன்று அந்த தேசம் கொண்டாடுவது அவரைத்தான். வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அங்கே சந்தேகப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும்.

1952 தேர்தலில் படித்தவர்களின் வேட்பாளரான ஸ்டீவன்ஸனையும் அவரைச் சேர்ந்தவர்களையும் முட்டைத் தலையர்கள் என்று கேலி செய்தார்கள். ஜெயித்த ஐஸன்ஹோவர் அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவர் பதவியில் இருந்தவர் என்பதை யாரும் லட்சியம் செய்யவில்லை.

1957 அக்டோபர் 4-ம் தேதி ரஷ்யா ஸ்புட்னிக்கை மேலே அனுப்பியதும் முட்டைத் தலைகளுக்குத் திடீர் மரியாதை வந்தது. மறு வருஷமே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் பாஷைகளுக்கும் கோடிக்கணக்கில் பணம். பணத்தோடு கூடவே ஒரு பிரமாணப் பத்திரமும் வந்தது. கடன் வாங்கும் மாணவன், அரசைக் கவிழ்க்கும் ஸ்தாபனங்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஹார்வர்டும் யேலும் 1959-ல் அந்தக் கடன் திட்டத்திலிருந்தே விலகிக்கொண்டன. 1962-ல் கென்னடி காலத்தில் அது நீக்கப்பட்டது. இந்தப் பெருக்கத்தில் ஆய்வுக்கூடங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1965-ல் குடியேற்றச் சட்டமும் தளர்ந்தது. கிண்டியிலிருந்தும் ஐ.ஐ.டி.யிலிருந்தும் நம் பிள்ளைகள் விமானம் ஏறியது அந்த வாசல் வழியாகத்தான். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் மத்திய அரசின் பணத்துக்குப் பழகிப்போனதும் அந்த வருஷங்களில்தான். அதன் பலன் 2025-ல் தெரிந்தது.

மறுபடி கலிஃபோர்னியா. 1960-ல் கவர்னர் பிரௌனும் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெரும் ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். மாநிலத்தின் ஒவ்வொரு பிள்ளைக்கும் உயர்கல்வியில் ஓர் இடம். மார்க்கில் முதல் எட்டில் ஒரு பங்குக்குப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரிகள். மற்றவர்களுக்கு இரண்டு வருஷக் கல்லூரிகள். உலகமே மெச்சிய திட்டம். ஒரு கணக்கை மட்டும் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. எட்டில் ஏழு பங்குப் பிள்ளைகளுக்குப் பெர்க்லியில் நேரடியாக இடம் இல்லை. வரியோ எட்டுப் பங்குக்கும் உண்டு. 1964-ல் பெர்க்லி மாணவர்கள் பேச்சுரிமை கேட்டுக் கட்டடத்துக்குள் உட்கார்ந்தபோது, டெலிவிஷனில் அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஏழு பங்கு வீட்டுக்காரர்கள்.

ரொனால்ட் ரேகன் 1966-ல் பெர்க்லிக் குழப்பத்தைச் சுத்தம் செய்வேன் என்று சொல்லி ஜெயித்தார். பதவியேற்று மூன்று வாரத்துக்குள், 1967 ஜனவரி 20-ம் தேதி, கெர் நீக்கப்பட்டார். வந்தபோது இருந்த அதே உற்சாகச் சூட்டோடு போகிறேன் என்று அவர் சிலேடையாகச் சொன்னது பிரசித்தம். அறிவு ஆர்வத்துக்கெல்லாம் வரி கொடுப்பவன் ஏன் மானியம் தர வேண்டும் என்று ரேகன் கேட்டார். பிரையனின் வாதத்தில் இருந்த வேதம் போய்ப் பட்ஜெட் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவரை உள்ளூர் மாணவர்களுக்குச் சம்பளமில்லாமல் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் 1970-ல் கல்விக் கட்டணம் வந்தது. படிப்பு ஊருக்குப் பொதுவான நன்மை என்பது போய், வாங்குபவனின் சரக்கு என்று ஆனது அங்கேதான் ஆரம்பம். என் அபிப்பிராயத்தில் இந்த நீண்ட கதையில் மற்ற கேலிகளையும் பிரமாணங்களையும் விட அதிகச் சேதம் செய்தது இதுதான்.

அதே 1970 மே 4-ம் தேதி ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தார்கள். பிறகு எடுத்த காலப் கருத்துக் கணிப்பில் 58 சதவீதம் பேர் தவறு மாணவர்கள் மேல்தான் என்றார்கள். சுட்டவர்கள் மேல் என்றவர்கள் 11 சதவீதம்.

1972 டிசம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் தம் அறையில், பேராசிரியர்கள்தான் எதிரிகள், இதைக் கரும்பலகையில் நூறு தடவை எழுது என்று சொன்னது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் கிஸ்ஸிங்கர், ஹார்வர்ட் பேராசிரியர்! 2021-ல் ஜே.டி. வான்ஸ் அந்த வார்த்தைகளை ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அவர் யேலில் சட்டம் படித்தவர். ஹார்வர்ட் ஆசிரியர்கள் ஆள்வதைவிட பாஸ்டன் டெலிபோன் டைரக்டரியின் முதல் 2000 பேர் ஆள்வது மேல் என்று சொன்ன பக்லியும் யேல். படிப்பைத் திட்டி ஓட்டு வாங்குகிறவர்களின் பட்டங்களைப் பார்த்தால் ஒரு நல்ல சர்வகலாசாலைப் பட்டியல் தயாராகிவிடும். அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அங்கேதான் அனுப்புகிறார்கள்.

ஆனால் அவர்கள் பேச்சை ஜனங்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மாணவர்களின் தலையில் 1.6 லட்சம் கோடி டாலருக்கு மேல் மத்திய அரசுக் கடன் ஏறியது. இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களில் பத்தில் ஆறு பேருக்கு நாலு வருஷப் பட்டம் இல்லை. ஆனால் நல்ல உத்தியோகம் எல்லாம் பட்டத்தைக் கேட்கிறது. பழைய மாணவரின் பிள்ளைக்குச் சலுகை என்பது பெரிய கல்லூரிகளில் ஊரறிந்த வழக்கம். 2019-ல் பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை விளையாடாத விளையாட்டின் வீரர்களாகக் காட்டி இடம் வாங்கியது கோர்ட்டுக்கு வந்தது. பேராசிரியர்களில் பெரும்பாலோர் ஒரே கட்சிப் பக்கம் சாய்ந்தவர்கள் என்பதும் பொய்யில்லை. உயர்கல்வியின் மேல் நிறைய நம்பிக்கை உண்டு என்றவர்கள் காலப் கணிப்பில் 2015-ல் 57 சதவீதம், 2023-ல் 36. குடியரசுக் கட்சிக்காரர்களிடம் மட்டும் பார்த்தால் 56-லிருந்து 19-க்கு விழுந்தது. 2023 டிசம்பரில் மூன்று பல்கலைக்கழகத் தலைவர்கள் காங்கிரஸ் கமிட்டி முன், யூதர்களுக்கு எதிரான கோஷங்களைப் பற்றிய நேரான கேள்விக்கு வக்கீல் பாஷையில் பதில் சொன்னபோது, அவர்களுக்காக இரக்கப்பட வெளியே ஆள் இல்லை. இருவர் ஒரு மாதத்துக்குள் பதவி விலகினார்கள்.

இந்தத் தனிமையைப் பார்த்துத்தான் 2025-ல் அரசு கை வைத்தது. மார்ச்சில் கொலம்பியாவுக்கு 40 கோடி டாலர் நிறுத்தம். ஏப்ரலில் மாணவர் சேர்க்கை, ஆசிரியர் நியமனம் வரையில் தலையிடும் நிபந்தனைகளை ஹார்வர்ட் ஏற்க மறுத்தது. உடனே 220 கோடி டாலர் நின்றது. நின்ற பணத்தில் வைத்திய ஆராய்ச்சியே அதிகம். புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்கும் அரசியல் கோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. மே மாதம் ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கவே கூடாது என்று உத்தரவு. அதை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கொலம்பியா ஜூலையில் 22 கோடி டாலருக்கு மேல் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. ஹார்வர்டின் பணத்தை நிறுத்தியது சட்டவிரோதம் என்று செப்டம்பரில் மத்திய நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

முன்னூறு வருஷமாக அந்த ஜனங்கள் பிடிக்காத கல்லூரிக்குப் பக்கத்தில் வேறொரு கல்லூரி கட்டிக்கொண்டார்கள் என்று சொன்னேனே, அந்த வழக்கம் அடியோடு போய்விடவில்லை. இன்றைய பல்கலைக்கழகங்களில் பேச்சுச் சுதந்திரம் இல்லை என்று குறைப்பட்டவர்கள் 2021-ல் டெக்ஸஸின் ஆஸ்டினில் புதிதாக ஒன்றை அறிவித்து, 2024-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தார்கள். அது எனக்கு ஆட்சேபணை இல்லாத வழி. பிரெய்னர்டின் சிநேகிதர்கள் போன வழி. இருக்கிற கல்லூரியின் கழுத்தைப் பணத்தால் பிடிப்பது வேறு.

அதே டெக்ஸஸில், மாரில் சட்டத்தில் பிறந்த ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், 2025 செப்டம்பரில் குழந்தை இலக்கிய வகுப்பு ஒன்றில் பாலின அடையாளம் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியையோடு ஒரு மாணவி வாதிட்ட வீடியோ வெளியாயிற்று. மாநில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். ஆசிரியை நீக்கப்பட்டார். அதோடு விடவில்லை, சில நாளில் பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலகினார். அவர் மார்க் வெல்ஷ். அமெரிக்க விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற நாலு நட்சத்திர ஜெனரல்.